உம்பளச்சேரிப் பொலிகாளைகளின் வம்சக் கணக்கு: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும், கொருக்கை அரசுப் பண்ணையில் இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகாளைகளைத் தேர்வு செய்பவர்களுக்கும்,

வணக்கம். உம்பளச்சேரி மாட்டினத்தைக் காப்பாற்றுவது பற்றி யார் பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. இருப்பதிலேயே நல்ல காளையைப் பிடி, அதன் கன்றுகளைப் பெருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதே யோசனையோடு அறுபது வருஷம் போய்ப் பார்த்த கூட்டம் ஒன்று உண்டு, பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள். அவர்கள் கதையைச் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன். காணும் பொங்கலன்று திருக்கடையூர் ரேக்ளா பார்க்கும் ஊர்க்காரர்களுக்குக் குதிரைப் பேச்சு சலிக்காது.

1961-ல் கனடாவில் பிறந்தது நார்தர்ன் டான்சர். குள்ளமான குதிரை. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்பனைக்கு நிறுத்தினார்கள், வாங்க ஆளில்லை. 1964-ல் அதே குதிரை, அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்தது. 1973-ல் செக்ரட்டேரியட் என்ற குதிரை வந்துதான் அந்த நேரத்தை முறியடித்தது. ஆனாலும் உலகம் அதன் பெயரைப் பிடித்துக்கொண்டது பொலிக்கு விட்ட பிறகுதான்.

மகன் நிஜின்ஸ்கி 1970-ல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றது. அதற்குப் பிறகு எந்த ஆண் குதிரைக்கும் அது வாய்க்கவில்லை. இன்னொரு மகன் சாட்லர்ஸ் வெல்ஸ், பிரிட்டன்-அயர்லாந்தில் 14 முறை முதலிடம் பெற்ற பொலிகுதிரை. அதன் மகன் கலிலியோ 12 முறை. டான்சிக் என்ற மகன் வழியாக வந்த டேன்ஹில்லை அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்குமாக விமானத்தில் ஏற்றி இறக்கி, ஒரே வருஷத்தில் இரண்டு பருவமும் பொலிக்கு விட்டார்கள். ராசீன் என்ற மகன் இந்தியாவுக்கே வந்தது. கலிலியோவையும் டேன்ஹில்லின் மகளையும் சேர்த்ததில் பிறந்த ஃப்ராங்கெல், ஓடிய 14 பந்தயங்களிலும் வென்றது. அதாவது தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அதே கிழவர்தான் மூதாதை.

பணமும் அப்படியே ஓடியது. 1980-களில் நார்தர்ன் டான்சரிடம் ஒரு முறை சேர்க்க பத்து லட்சம் டாலர் வரை கேட்டார்கள், சினை பிடிக்காவிட்டாலும் பணம் திரும்பாது. 1983-ல் அதன் குட்டி ஒன்று 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்னாஃபி டான்சர் என்று பெயர். ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. பொலிக்கு விட்டார்கள், அதிலும் கோளாறு. நம்மூர்ச் சந்தையில் சுழி பார்த்து மாடு பிடிப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கோளாறு எங்கே என்று கேட்பீர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், 97 சதவீதக் குதிரைகளின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருந்தது. சில பத்தாண்டுகளாக இரத்த உறவுக் கலப்பு ஏறிக்கொண்டே வருவதையும் அதே ஆய்வு காட்டியது. பந்தயக் குதிரைகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் ஜாக்கி கிளப் விழித்துக்கொண்டு, ஒரு குதிரை ஆண்டுக்கு 140 பெண் குதிரைகளுக்கு மேல் சேரக்கூடாது என்று 2020-ல் விதி போட்டது. பெரிய பண்ணைகள் வழக்குக்குப் போயின. 2022-ல் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பணம் உள்ளே இறங்கிய பிறகு பிரேக் பிடிக்காது.

இத்தனைக்கும் தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்துக்குச் சினை ஊசி அனுமதியே இல்லை. நேரடிச் சேர்க்கைதான். மாட்டுக்கு அப்படியா? ஒரு காளையின் உறைவிந்தை ஆயிரக்கணக்கான குச்சிகளில் நிரப்பி மாவட்டம் முழுக்க அனுப்பலாம். எச்எஃப் என்று நாம் சொல்லும் ஹோல்ஸ்டீனில் 1962-ல் பிறந்த சீஃப் என்ற காளை அப்படித்தான் பரவியது. பாலைக் கூட்டியது உண்மை. கூடவே கருவிலேயே கன்றைக் கொல்லும் ஒரு மரபணுப் பிழையையும் அது சுமந்திருந்தது. அதனால் உலகம் முழுக்க ஏறத்தாழ ஐந்து லட்சம் கருச்சிதைவுகள் நடந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள். காளை கொட்டகையில் நிற்கும்போது இது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

உம்பளச்சேரி, ஹோல்ஸ்டீன் போல உலகம் பரவிய இனமில்லை. தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துச் சேற்றுக்கென்றே அமைந்த மாடு. செவலையாகப் பிறந்து மாதங்கள் போகப் போகச் சாம்பல் நிறமாகும் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சேறு தாங்கும் கட்டையான கால். பால் கொஞ்சம்தான். டிராக்டர் வந்த பிறகு உழவுக்கும் தேவை குறைந்துவிட்டது. சிறிய கூட்டத்தில் ஒரே காளையின் இரத்தம் பரவ அறுபது வருஷம் ஆகாது.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். பொலிகாளைகளின் தாய், தந்தை, பாட்டன் விவரத்தை எண்ணோடு வெளியிடுங்கள். விந்துக் குச்சியிலேயே காளையின் எண் அச்சாகி வருகிறது, ஊசி போட்டதும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. அந்த எண்ணை மாட்டின் காதுவில்லை எண்ணோடு சேர்த்து ஓர் அட்டையில் எழுதி வளர்ப்பவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பேனா போதும். ஒரு காளையின் குச்சி ஒரு வட்டத்துக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வையுங்கள், எல்லோரும் அதையே கேட்டாலும் சரி.

அப்புறம், ஊசியே போடாத மந்தைகள். உரத்துக்காக வயலில் கிடை கட்டும் கூட்டத்தில் ஒரே காளை நாலைந்து வருஷம் நின்றால், அது போட்ட கிடேரிகளே பருவத்துக்கு வந்து அதனிடமே சினையாகும். கிடைக்காரர்கள் தங்களுக்குள் காளை மாற்றிக்கொள்ளத் தயங்குவது நம்பிக்கையில்லாமல்தான், போன காளை திரும்பி வருமா என்று. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துறையே முன்னின்று மாற்றிக் கொடுத்தால் அந்தச் சந்தேகம் தீரும். கோடையில், அறுவடை முடிந்து கிடைகள் வயலில் இருக்கும் சமயத்தில் செய்தால் எல்லா மந்தையையும் ஓரிடத்தில் பார்க்கலாம். ஆள் கூட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உம்பளச்சேரி மாடு வளர்ப்பவன்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.