திரும்பும் வண்டியை முதலில் பாருங்கள்

சப்போரோ,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பிப்ரவரியில் நீங்கள் வரும்போது பகலெல்லாம் எனக்கு வேலை இருக்கும். நீங்கள் இருவரும்தான் சுற்ற வேண்டும். கார் இல்லாமல் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் நம்மூரில் ஸ்டாண்டுக்குப் போய் நின்றால் ஏதாவது ஒரு பஸ் வரும் என்று கிளம்புகிற பழக்கம் இங்கே உதவாது. எந்த ஊருக்குப் போவதானாலும், அங்கிருந்து திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். போகும் வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ, ஜப்பானின் வடக்கே, இலங்கையைவிடப் பெரிய தீவு. ஜனத்தொகையோ சுமார் 50 லட்சம். அதில் 20 லட்சம் பேர் சப்போரோவிலேயே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் வண்டி ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை என்று ரயில்வே ஒவ்வொரு பாதையாக மூடிக்கொண்டு வருகிறது. கடலோரமாக முகாவாவிலிருந்து சமானிக்குப் போன பாதையை 2015-இல் அலை அரித்தது; அதைச் சரிசெய்யாமலே 2021-இல் மூடிவிட்டார்கள். ஃபுரானோ–ஷின்டோகு பாதை 2016 புயலில் சேதப்பட்டு, 2024 மார்ச்சோடு முடிந்தது. இப்போது அங்கெல்லாம் பஸ்தான். நீங்கள் வைத்திருக்கும் பழைய அட்லஸில் கோடு இருக்கும், ரயில் இருக்காது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இறங்கும் இடம் நியூ சிட்டோசே விமான நிலையம். ரயில் நிலையம் உள்நாட்டு முனையத்தின் அடித்தளத்தில் இருப்பதால், பன்னாட்டு முனையத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே கொஞ்சம் நடக்க வேண்டும். 'ஏர்போர்ட்' என்ற விரைவு ரயில் நாற்பது நிமிடத்துக்குள் சப்போரோ சேர்த்துவிடும். அதில் ஒரு பெட்டி மட்டும் முன்பதிவுப் பெட்டி. பெரிய பெட்டிகளோடு வருவீர்கள், கூடுதல் காசு கொடுத்து அதிலேயே உட்காருங்கள்.

அங்கேயே இயந்திரத்தில், பணம் ஏற்றித் தொட்டுப் போகும் கிடாக்கா என்ற பயண அட்டை ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 யென்னில் 500 யென் முன்பணம், மீதி பயணத்துக்கு. சப்போரோ சுற்றுவட்டார ரயில், சுரங்க ரயில், டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் செல்லும். சாப்பிக்கா என்று இன்னொரு அட்டை விற்பார்கள். அது ரயிலில் செல்லாது, வேண்டாம். தூரத்து ஊர்களுக்குக் கிடாக்காவைத் தொட்டு உள்ளே போய்விடாதீர்கள். சின்ன நிலையங்களில் அதைப் படிக்கும் கருவியே கிடையாது. அங்கே ரொக்கம் கட்டி, ஒரு சான்றுச் சீட்டு வாங்கிவந்து, பெரிய நிலையத்தில் அட்டையைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். தூரப் பயணத்துக்குக் காகித டிக்கெட்தான்.

ஊருக்குள் சுரங்க ரயிலை நம்பலாம். 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்காக முந்தைய டிசம்பரில் திறந்தது. மூன்று தடங்கள், மூன்றும் ஓடோரி நிலையத்தில் சந்திக்கும். ரப்பர் டயரில் ஓடுகிறது. தெற்கே தரைக்கு மேல் வரும் பகுதிக்கும் குழாய் மாதிரிக் கூரை போட்டிருப்பதால் பனிப்புயலிலும் பெரும்பாலும் நிற்காது. வார நாளில் நாள் முழுக்கச் சுற்ற 830 யென், சனி ஞாயிறில் 520. சப்போரோ நிலையத்திலிருந்து ஓடோரி வழியாக சுசுகினோ வரை பூமிக்கடியிலேயே நடக்கலாம். அம்மா பனிக்கட்டியில் கால் வைக்க வேண்டியதில்லை. டிராமை விடியற்காலையில் பார்க்க முடிந்தால் பாருங்கள். மூங்கில் குச்சிகளைக் கட்டிய சுழல் துடைப்பத்தோடு தனி வண்டி ஒன்று தண்டவாளத்துப் பனியைக் கூட்டிக்கொண்டு போகும். உங்களுக்கு அதுவே பெரிய வேடிக்கையாக இருக்கும்.

பஸ்ஸில் நடுக்கதவில் ஏறி, முன்கதவில் இறங்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ஏறும்போதே எண் போட்ட சீட்டு ஒன்று எடுங்கள். டிரைவர் தலைக்கு மேலே பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும்; மீதி வராது. 1,000 யென் நோட்டை மாற்ற அருகிலேயே ஒரு வாய் உண்டு, 5,000-மும் 10,000-மும் மாறாது. பஸ் நின்ற பிறகு எழுந்தால் போதும். நம்மூர் மாதிரி முன்கூட்டியே கதவருகே போய்த் தொங்கினால் டிரைவர் பதறிவிடுவார்.

கிராமத்து ஓரிரு பெட்டி டீசல் ரயிலிலும் இதே முறைதான். ஆள் இல்லாத நிலையங்களில் முதல் பெட்டியின் முன்கதவில்தான் இறங்க வேண்டும், ஆகவே முன்னாலேயே உட்காருங்கள். கதவைப் பொத்தான் அழுத்தித் திறந்து ஏறியதும் திரும்ப அழுத்தி மூடிவிடுங்கள். உள்ளே இருக்கிறவர்கள் குளிரில் நடுங்குவார்கள்.

சப்போரோவிலிருந்து தெற்கே ஹகோடாடே 319 கிலோமீட்டர், சென்னை–திருச்சி மாதிரி; நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கிழக்கே குஷிரோவுக்கு நான்கு மணி நேரத்துக்கும் கூடுதல். இரண்டு ஊருக்கும் போகும் எக்ஸ்பிரஸ்களில் 2024 முதல் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். அசாஹிகாவா வண்டிகளில் பதிவில்லாத பெட்டிகளும் உண்டு; ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹகோடாடே, குஷிரோ இரண்டுக்கும் போவதானால் வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ் லாபம், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அசாஹிகாவாவோடு நிறுத்திக்கொண்டால் தண்டச் செலவு. எந்த எக்ஸ்பிரஸிலும் டீ, சாப்பாடு விற்பதில்லை. தண்ணீரும் எலுமிச்சை சாதமும் கையில் இருக்கட்டும். தூர வண்டியில் சாப்பிடலாம், சுரங்க ரயிலில் சாப்பிடுவது வழக்கமில்லை.

அசாஹியாமா மிருகக்காட்சிசாலைக்கு அசாஹிகாவா நிலையத்தின் எதிரே 6-ஆம் நிறுத்தத்தில் 41-ஆம் எண் பஸ், நாற்பது நிமிடம். குளிர்காலத்தில் மூன்றரைக்கே மூடிவிடுவார்கள், காலையிலேயே கிளம்புங்கள். ஒடாருவுக்குப் போகும்போது வலது பக்க ஜன்னல். கடல் அந்தப் பக்கம். வடகோடியில் இருக்கும் வக்கனாய்க்கு அம்மா ஆசைப்படுகிறாள். 396 கிலோமீட்டர், சப்போரோவிலிருந்து நேர் வண்டி நாளுக்கு ஒன்று, ஐந்து மணி நேரத்துக்கு மேல். பிப்ரவரியில் வேண்டாம் என்பேன்.

வண்டி தாமதமாவது பனியால் மட்டுமல்ல. கிழக்கிலும் வடக்கிலும் மான்கள் தண்டவாளத்தில் நிற்கும். டிரைவர் ஊதி ஊதி பிரேக் போடுவார், சில சமயம் மோதியும்விடும். பெரும்பனி வருமென்றால் முந்தின நாளே ரயில்களை ரத்து செய்து அறிவிப்பார்கள். டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள்: ரத்தானால் முழுப் பணமும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் எக்ஸ்பிரஸ் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்த மாதிரி நாளில் நெடுஞ்சாலையையும் மூடிவிடுவதால் பஸ்ஸுக்கு ஓடிப் பயனில்லை. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு சப்போரோவிலேயே இருங்கள்.

தெருமுனைகளில் பெட்டி வைத்து, உள்ளே பொடிக்கல் பைகள் அடுக்கியிருப்பார்கள். வழுக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவிக்கொண்டு நடக்கலாம். ஆனாலும் பனிக்கான ஷூ வேண்டும், இங்கேயே வாங்கிவைக்கிறேன். இங்கே அளவு சென்டிமீட்டரில். இருவரும் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்