பழைய மெயின் போர்டை மாற்ற இருப்போருக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பீங்கான் ப்யூஸ் கட்டைகள் வரிசையாக நிற்கும் பழைய மரப்பலகை மெயின் போர்டைக் கழற்றிவிட்டுப் மின்சாரத்தை லைன்களாகப் பிரித்துத் தரும் புதிய டிபி பாக்ஸ் வைக்க எண்ணுவோர், கடைக்குள் வந்ததும் 'எந்தக் கம்பெனி நல்லது' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பெயர் பெற்ற கம்பெனி எதுவாயினும் வீட்டுக்குப் போதும் என்பதே எங்கள் பதில். உங்கள் சுவருக்குள் ஓடும் ஒயர் என்ன அளவு என்று வயர்மேனிடம் கேட்டுக்கொண்டு வந்தால், சரியான சரக்கை எடுத்துத் தர எங்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் வரும் எம்.சி.பி. என்பது, அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும், அதாவது ட்ரிப் ஆகும் சுவிட்ச்; அது இருப்பது ஒயரைக் காப்பதற்காக. 1.5 சதுர மி.மீ. ஒயரில் ஓடும் விளக்கு, மின்விசிறி லைனுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. ஒயரில் ஓடும் கீசர் லைனுக்கு 16, 4 சதுர மி.மீ. ஒயர் போட்ட ஏ.சி. லைனுக்கு 20 என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. கிளம்பும்போது மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும் ஏ.சி., தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு 'சி' வகையும், மற்ற லைன்களுக்கு 'பி' வகையும் பொருந்தும். சென்ற கோடையில் ஒருவர், அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கையோடு கழற்றி வந்து, 32 கொடுங்கள் என்றார். அதன் ஒரு முனை பழுப்பேறியிருந்ததைக் கண்டு, கொடுக்காமல் வீட்டுக்கே ஆளனுப்பிப் பார்த்ததில், அதே பெட்டியில் பக்கத்து எம்.சி.பி.யின் திருகும் அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. தளர்ந்த முனையில் பிறந்த சூடே அந்த 16 ஆம்பியர் எம்.சி.பி.யை ட்ரிப் செய்து வந்திருக்கிறது. 32 போட்டிருந்தால் எம்.சி.பி. பேசாமல் இருந்திருக்கும், ஒயர் வெந்திருக்கும்.

ஆனால் எம்.சி.பி. மட்டும் போட்டால் ஷாக்கிலிருந்து காப்பு கிடைக்காது. உயிரைப் பறிக்கக்கூடிய மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம்; 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது பொருட்டே அல்ல. அதற்குரியது, மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விலை சற்றுக் குறைகிறதென்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியரை வாங்கிவிடாதீர்கள். அவை தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஆளைக் காக்கப் போதாதவை. ஆர்.சி.சி.பி.க்கு ஓவர்லோடு தெரியாது என்பதால், எம்.சி.பி.யும் உடன் இருந்தே ஆக வேண்டும்.

பழைய வீடுகளில் உண்மையான தலைவலி நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரில்தான் வருகிறது. கூடத்து விளக்குக்குப் படுக்கையறையிலிருந்து நியூட்ரலை இழுத்திருப்பார்கள். இன்வெர்ட்டர் வைத்தவர் எங்கோ ஒன்றோடு முறுக்கிவிட்டுப் போயிருப்பார். பீங்கான் ப்யூஸ் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஆர்.சி.சி.பி.யோ, தன் வழியே போன மின்சாரம் தன் வழியே திரும்பாவிட்டால் உடனே ட்ரிப் ஆகிவிடும். அப்போது 'பெட்டி சரியில்லை' என்று ஆர்.சி.சி.பி.யை ஒயர் போட்டுத் தாண்டி இணைத்துவிடும் வயர்மேன்களும் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் கூலி அதிகமானாலும், ஒவ்வோர் ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பட்டை வைத்து லைன்களைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

பெட்டியை வாங்கும்போது, இன்று தேவைப்படுவதைவிட மூன்று நான்கு வே (எம்.சி.பி. பொருத்தும் இடம்) கூடுதலாக உள்ளதை எடுங்கள், பின்னாளில் ஏ.சி. வாங்கும்போது இன்னொரு பெட்டிக்குச் சுவரை உடைக்க வேண்டியிராது. இடம் இருந்தால் ஆர்.சி.சி.பி.யை இரண்டாகப் பிரித்து, பிரிட்ஜை ஈரம் படும் குளியலறை லைனோடு சேர்க்காமல் வைப்பது நல்லது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது கீசரில் மின்கசிவு ஏற்பட்டு பிரிட்ஜும் அணைந்து போவதைத் தவிர்க்கலாம்.

வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்; மீட்டருக்கு முன்னுள்ள பகுதியில் மின்வாரிய ஊழியரைத் தவிர எவரும் கை வைக்கலாகாது. கடைக்கு வரும்போது இப்போதைய போர்டைத் திறந்த நிலையில் வயர்மேனைப் படம் எடுக்கச் சொல்லி, சிங்கிள் பேஸா திரீ பேஸா என்பதையும், ஏ.சி., கீசர், மோட்டார் எத்தனை என்பதையும் எழுதி எடுத்து வந்தால், பட்டியல் போட்டுத் தருகிறோம்.

இங்ஙனம்,
கடை நிர்வாகத்தினர்