தெல்மா ரிட்டரின் ஆறு படங்களையும் முழுதாகத் திரையிடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் அகாடமி மியூசியத்தின் திரையிடல் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஆறு முறை இடம்பெற்றவர் தெல்மா ரிட்டர். அந்தப் பிரிவில் அவரை யாரும் இன்னும் தாண்டவில்லை. விருதோ ஒருமுறையும் கிடைக்கவில்லை. 1969-இல் மறைந்தவருக்கு இப்போது விருது கேட்டு இதை எழுதவில்லை. அந்த ஆறு படங்களையும் ஒரே தொடராக, முழுதாகத் திரையிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அவரை நினைவுகூரும் தொகுப்புகள் நறுக்கென்ற வசனங்களை மட்டும் வெட்டி ஒட்டுகின்றன. அதில் அவருடைய நடிப்பில் பாதி போய்விடுகிறது. ‘ஆல் அபவுட் ஈவ்’ (1950) படத்தில் ஒரு பெரிய நடிகையை அண்டிவரும் ஈவை முதலில் சந்தேகிப்பவர் ரிட்டர் ஏற்ற பணிப்பெண் பேர்டி. அந்தச் சந்தேகம் வாய்க்கு வருமுன்பே பார்வையில் வளர்கிறது. துணுக்கு வசனத்தை மட்டும் காட்டினால் வெறும் நகைச்சுவைதான் மிஞ்சும். ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953) இன்னும் மோசமாக அடிபடுகிறது. கழுத்துப்பட்டை விற்று, போலீசுக்குத் துப்புச் சொல்லிப் பிழைக்கும் மோ (ரிட்டர்), அநாதைப் பிணமாகப் போய்விடக் கூடாதென்று அடக்கச் செலவுக்குக் காசு சேர்க்கிறாள். துப்புக்கு அவள் பேரம் பேசும் ஆரம்பக் காட்சியைப் பார்த்தவருக்குத்தான், துப்பாக்கி முன்னால் அவள் ஒரு முகவரியை விற்க மறுப்பதன் கனம் புரியும். அந்த மரணக் காட்சியை மட்டும் தனியே போடாதீர்கள். அவருடைய ஆகச்சிறந்த நடிப்பு அந்தப் படத்தில்தான் என்பது எங்கள் கருத்து.

மூன்று மாலைகள் போதும். முதல் நாள் ‘ஆல் அபவுட் ஈவ்’ 138 நிமிடம், ‘தி மேட்டிங் சீசன்’ (1951) 101 நிமிடம். இரண்டாம் நாள் ‘வித் எ சாங் இன் மை ஹார்ட்’ (1952) 117, ‘பிக்கப்’ 80. மூன்றாம் நாள் ‘பில்லோ டாக்’ (1959) படத்தையும் ‘பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்’ (1962) படத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ராக் ஹட்சனையே குடியில் தோற்கடிக்கும் வேலைக்காரியும், மகனின் உயிருக்காகப் போராடிவிட்டுப் பின் அவனுக்கே எதிராகத் திரும்பும் தாயும் ஒரே நடிகை என்பது அப்போது உறைக்கும்.

பிரதிகளில் கவனம் வேண்டும். முதல் நான்கும் 1.37 அளவில் (படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு) எடுக்கப்பட்டவை. இன்னும் அகலமான 1.85 அளவுக்கு மாஸ்க் (ஓரங்களை மறைக்கும் தகடு) போட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத் தலைகள் போய்விடும். ‘பில்லோ டாக்’ சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். தொலைக்காட்சிக்காகப் பக்கங்களை நறுக்கிய பிரதி வேண்டவே வேண்டாம். துணைப் பாத்திரம் பெரும்பாலும் பிரேமின் ஓரத்தில்தான் நிற்கும், முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. ‘வித் எ சாங் இன் மை ஹார்ட்’ டெக்னிகலர் முறையில் வந்த வண்ணப்படம். பிற்காலத்தில் ஈஸ்ட்மேன் வண்ண ஃபிலிமில் எடுத்த பிரதியென்றால் நீலமும் பச்சையும் மங்கிச் சிவப்பேறியிருக்கலாம். முன்பதிவு திறக்குமுன் ஒரு ரீலையாவது ஓட்டிப் பாருங்கள். மோனோ (ஒற்றைத்தட) ஒலியை நடு ஸ்பீக்கரில் மட்டும் விடுங்கள். ரிட்டர் பேச்சின் நியூயார்க் புரூக்ளின் வட்டார வாடை தெளிவாகக் கேட்க வேண்டும்.

‘தி மேட்டிங் சீசன்’ பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஹாம்பர்கர் கடை நொடித்து மகன் வீட்டுக்கு வரும் தாயை மருமகள் சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள்; தாயும் அப்படியே இருந்துவிடுகிறாள். கதையே அவளுடையது. ஆனால் டைட்டிலில் ஜீன் டியர்னி, ஜான் லண்ட், மிரியம் ஹாப்கின்ஸ் மூவருக்கும் அடுத்துத்தான் ரிட்டரின் பெயர். உங்கள் அறிவிப்பிலும் போஸ்டரிலும் அவர் பெயரை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஹாலிவுட் படங்களின் ரசிகர்கள்