டிஎஸ்எச் நார்மல் என்றாலும் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்

அன்புள்ள பொது மருத்துவர்களே, செவிலியர்களே,

தைராய்டு நோய்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்கள் நாங்கள். கழுத்தில் வீக்கம் என்று வருகிறவரின் டிஎஸ்எச் அளவை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; சுரப்பி குறைவாகச் சுரந்தால் ஏறும், மிகையாகச் சுரந்தால் இறங்கும்) மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், போகலாம்" என்று அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல். அந்த எண்ணை வைத்துச் சுரப்பி போதுமான அளவு சுரக்கிறதா என்று கணிக்கலாம். அது எவ்வளவு பெருத்திருக்கிறது, எதை அழுத்துகிறது, உள்ளே கட்டி உண்டா என்பதெல்லாம் அதில் தெரியாது. முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், உள்ள பலருக்கு ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வெளிச்சத்தில் உட்கார வைத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து ஒரு வாய் விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் பிணைந்திருப்பதால் விழுங்கும்போது மேலேறி இறங்கும். நெறிக்கட்டி பெரும்பாலும் அப்படி அசையாது. பிறகு பின்னால் நின்று இரு கை விரல்களாலும் தடவிப் பாருங்கள். இப்போது தலை லேசாகக் குனிந்திருக்க வேண்டும், அப்போதுதான் தசை தளரும். வீக்கத்தின் அடி விளிம்பு விரலுக்கு எட்டவில்லையென்றால் அது மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கலாம். இரு கைகளையும் காதோடு ஒட்ட உயர்த்தி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். முகம் சிவந்தாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ, மூச்சு திணறினாலோ உள்ளே ரத்தக்குழாயும் மூச்சுக்குழாயும் நெருக்கப்படுகின்றன என்று பொருள். அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

சில வாரங்களில் மளமளவென வளரும் கட்டி, கல் போன்ற கெட்டித்தன்மை, காரணமில்லாமல் கம்மிப்போன குரல், இவற்றுக்கும் அதே அவசரம்தான். மற்றவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் சிறிது திசு எடுத்துப் பரிசோதனை செய்யலாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. இதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிஎஸ்எச் குறைவாக இருந்தால் மட்டும் ஊசிக்கு முன், கட்டி மிகையாகச் சுரக்கிறதா என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன் வேண்டும்.

அயோடின் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250. குறைந்தால் சுரப்பி பெருக்கும், உண்மைதான். அதற்காகப் பல ஆண்டுகளாக முடிச்சு முடிச்சாக வளர்ந்த கழலைக்கு அயோடின் சொட்டு மருந்து எழுதிவிடாதீர்கள். கட்டுப்பாட்டை மீறிச் சுரக்கும் முடிச்சுகளுக்கு அதுவே தீனி. படபடப்பும் எடை இழப்பும், முதியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவதும் அதனால் வரலாம். சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்தும் இதைத்தான் செய்யும்.

டிஎஸ்எச் சரியாக இருப்பவருக்கு, வீக்கத்தைச் சுருக்கவென்று லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுப்பதையும் கைவிடுங்கள். பலன் சொற்பம், எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். அந்த மாத்திரை உண்மையில் தேவைப்படுபவர் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இது தவறினால் மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாது. டிஎஸ்எச் ஏறும், காரணம் புரியாமல் அளவைக் கூட்டுவோம். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை. முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். ரத்த முடிவையே அது புரட்டிப்போடும்.

எங்களிடம் அனுப்பும் சீட்டில் டிஎஸ்எச் எண்ணோடு இன்னும் மூன்று வரி சேருங்கள்: வீக்கம் எப்போது தொடங்கியது, அடி விளிம்பு விரலுக்கு எட்டுகிறதா, குரலிலோ மூச்சிலோ மாற்றம் உண்டா. யாரை முதலில் உள்ளே அழைப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.