பத்துப் படம் கேட்டாய், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெண்களை மையமாக வைத்து வந்த தமிழ்ப் படங்களில் உங்களுக்குப் பிடித்த பத்தைச் சொல்லுங்கள் என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தாய். கட்டைவிரலால் அவ்வளவையும் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. பேப்பரில் எழுதுகிறேன், அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். பத்து தேறவில்லை. மூன்று படங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. மூன்றும் உன் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தவை.

'அவள் ஒரு தொடர்கதை' 1974 தீபாவளியை ஒட்டி வந்தது. எங்கள் ஊர் டாக்கீஸுக்கு வரும்போது பொங்கலும் தாண்டிவிட்டது. எனக்கு 13 வயது, அத்தைக்கு 24. தாத்தா படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து பேர் சாப்பாடு, என் ஸ்கூல் ஃபீஸ், தாத்தாவின் மருந்து எல்லாமே அத்தையின் டைப்பிஸ்ட் சம்பளத்தில்தான். மாசம் ஒரு சினிமா என்பது அவள் எங்களுக்குக் கொடுத்திருந்த சலுகை.

படத்தில் கவிதாவுக்கும் அதே நிலைமை, இன்னும் மோசம். அப்பா துறவியாகப் போய்விட்டார். அண்ணன் குடிகாரன், அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் வேறு. விதவையான தங்கை, பார்வையில்லாத தம்பி. அத்தனை பேருக்கும் ஒருத்தி சம்பளம். கவிதாவாக நடித்த சுஜாதாவுக்குத் தமிழில் அதுதான் முதல் படம், நம்பவே முடியாது. காதலித்தவன் தங்கை பக்கம் சாய்கிறான், இவள் விட்டுக்கொடுக்கிறாள். கடைசியில் தன் கல்யாணத்தையே இன்னொரு தங்கைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். டாக்கீஸில் பெஞ்சு பெஞ்சாக மூக்கு சிந்தினார்கள். பாட்டி விக்கி விக்கி அழுதாள். நானும்தான். அத்தை மட்டும் அழவில்லை. மடியில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடந்து வரும்போது, "அந்தப் பொண்ணு வீட்டுல என்ன கத்து கத்துது, பாத்தியா?" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "நான் ஒரு நாளாவது கத்தியிருக்கேனாடா?" என்றாள். நான் பெருமையாக, "நீ நல்ல அக்கா" என்றேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. கவிதாவின் வாய் கத்தி மாதிரி இருக்கும், வீட்டில் ஒருத்தரையும் விடமாட்டாள். நாங்கள் எல்லோரும் தியாகத்தைப் பார்த்தோம். அத்தை அந்தக் கத்தலைப் பார்த்திருக்கிறாள்.

நீ இந்தப் படத்தைப் பார்க்கும்போதும் அதைத்தான் கவனி. அழுகைக் காட்சிகளை ஓட்டிவிட்டாலும் பாதகமில்லை. படத்தை எடுத்த பாலசந்தர் அவளுக்கு ஒரு நல்லதாவது நடக்க விட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போது கோபம்கூட வருகிறது. என் மாதிரிப் பையன்களுக்கு அந்த முடிவு ரொம்ப வசதியாகப் போய்விட்டது.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். ஆனால் அதற்கு முதலில் ஜெயகாந்தனின் நாவலைப் படி, உன் பழைய அலமாரியிலேயே இருக்கிறது. '36 வயதினிலே'யை அம்மா பட்டியலில் சேர்க்கச் சொல்கிறாள். கதாநாயகி மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடும் படம். 2015இல் அதைப் பார்த்துவிட்டு வந்து இவளும் எங்கள் மாடியில் சிமென்ட் சாக்கில் கத்திரி போட்டாள். ஏழு காய் காய்த்தது, ஐந்தைக் குரங்கு தின்றது. சேர்த்துவிட்டேன்.

அடுத்தது 1994. 'மகளிர் மட்டும்'. பின்னால் அதே பெயரில் ஜோதிகா நடித்து ஒன்று வந்தது, அது வேறு. இது கமல் தயாரித்து, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதியது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேரும் ஒரே ஆபீஸ். மேனேஜர் நாசர் பெண்கள் என்றால் வழிகிற ஆள். அந்த ஆள் செத்துவிட்டான் என்று நினைத்து, வேறு யாருடைய பிணத்தையோ ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு இவர்கள் அலைவார்கள். பிணமாக நாகேஷ். ஒரு வார்த்தை வசனம் கிடையாது, ஆனால் அந்த மனுஷன் செத்தும் நடிக்கிறார்!

உனக்கு மூன்று வயது, என் மடியில் தூங்கிப்போனாய். பக்கத்தில் அத்தை சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். 33 வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ராத்திரி சமையலறையில் அத்தை உன் அம்மாவிடம், "எங்க ஆபீஸ்லயும் ஒருத்தன் இருந்தான்" என்று ஆரம்பித்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது, 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்'. வஸந்த் எடுத்தது, 2021இல் ஓடிடியில் வந்தது. மூன்று பெண்கள், மூன்று கதைகள். சிவரஞ்சனியாக நடித்த லட்சுமி பிரியாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஓட்டப்பந்தய வீராங்கனை, கல்யாணத்துக்குப் பிறகு அடுப்படிக்கும் வாசலுக்கும் மட்டுமே ஓடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் வரும் தேவகி கதைதான் என்னைப் போட்டு உலுக்கியது. பார்வதி நடித்தது, ஜெயமோகனின் சிறுகதை. தேவகி டைரி எழுதுகிறாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அப்படி என்ன எழுதுகிறாய், காட்டு என்று கூட்டுக்குடும்பமே நெருக்குகிறது. ஒருவரும் கெட்டவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

போன மாசம் அத்தை இங்கே வந்து பத்து நாள் இருந்தபோது டிவியில் போட்டுக் காட்டினேன். காலை நீட்டி, மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டே பார்த்தாள். தேவகியை எல்லோரும் சுற்றி நின்று கேட்கும் இடத்தில் தைலம் தடவுவது நின்றது.

"நானும் எழுதிட்டிருந்தேன்" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்போக்கா? எங்க அது?"

"இருக்கு. உனக்குக் காட்டமாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். நீ டிசம்பரில் வரும்போது கும்பகோணத்தில் அவளோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வா. நான் வரவில்லை.

ராத்திரி கண் முழிக்காதே. காது மூடும் குல்லாய் வாங்கினாயா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா