தளிச்சேரிக் கல்வெட்டு: வசந்தாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தா,

இங்கே அனைவரும் நலம். முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது மனம் ஆறுதல் அடைந்தது. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. பேத்தி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். கணக்கு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மறுபடியும் என்னிடம் வந்திருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டே கதியென்று கிடக்கிறாயே, இப்போது சோழர் காலத்தைப் பற்றி உனக்குத் தெரியாதது எதுவும் இருக்காதே என்று கேட்டிருந்தாய். கல்வெட்டு வகுப்பில் சேருவதற்கு முன்புதான் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டினான், நிலத்தை அளந்தான், ஊர்தோறும் சபைகள் இருந்தன என்று ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசியிருப்பேன். இன்று ஒரே ஒரு கல்வெட்டைப் பற்றிப் பேசச் சொன்னாலும், வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் இருக்கும் தளிச்சேரிக் கல்வெட்டையே எடுத்துக்கொள். தளிச்சேரி என்றால் கோயிலைச் சார்ந்த குடியிருப்பு. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1014ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்டது. திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை, திருவையாறு எனச் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட 400 பெண்களை அது வரிசையாகச் சொல்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கத்து வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான பெயர்கள் ‘நக்கன்’ என்றே தொடங்குகின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல், அதுவும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது. ஒருத்தி இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அவளுக்கு அடுத்த உரிமையுள்ளவர் அந்தக் காணியை, அதாவது பங்குரிமையை, பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திச் செய்விக்க வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரணப் பெண்களின் பெயரும் வீட்டு வரிசையும் நம் கைக்குக் கிடைப்பது எவ்வளவு அரிய பேறு! ஆனால் இத்தனையும் தெரிந்த பிறகுதான் கேள்விகளே தொடங்குகின்றன. திருவாரூரிலிருந்து வந்தவள் விரும்பி வந்தாளா, அரசன் ஆணை என்று அழைத்து வரப்பட்டாளா? தாயும் உடன்பிறந்தவர்களும் அவளுடன் வந்தார்களா? தான் விட்டு வந்த கோயிலில் அவள் செய்த பணியை அதன்பின் யார் செய்தார்கள்? பெயர் தெரியாமல் இருந்தவரை இப்படியெல்லாம் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. ‘சோழர் காலத்துக் கோயில் பெண்கள்’ என்று ஒரு கூட்டமாக எண்ணிவிட்டு நகர்ந்துவிட முடிந்தது. தென்சிறகில் இன்ன வீட்டுக்காரி என்று அவள் தனியாக வந்து நின்ற பிறகு, அவளைப் பற்றித் தெரியாதவை அத்தனையும் சேர்ந்தே கண்ணுக்குப் படுகின்றன.

கணக்கு ஆசிரியையாகிய என்னை நில அளவுகள் இன்னும் ஆழமாக இழுத்துவிட்டன. அதே கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்தோறும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு ஆகிய இறையிலி நிலம், அதாவது வரியில்லா நிலம், நீக்கி மீதி இவ்வளவு என்று கணக்கு வருகிறது. வேலி, மா, காணி என்ற நில அளவுகளில் இறங்கி, வேலியில் 320இல் ஒரு பங்கான முந்திரிக்கு வந்து, அந்த முந்திரியையே மறுபடியும் அலகாகக் கொண்டு ‘கீழ்’ என்று சொல்லி அதற்குள்ளும் அரை, கால், மா என்று பிரித்துக்கொண்டு போகிறார்கள். கீழ் முந்திரி என்பது 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இன்னொரு ‘கீழ்’ உண்டு. பின்னங்களில் இவ்வளவு கூர்மை காட்டியவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆயினும் அந்த ஒரு வேலி எவ்வளவு பெரியது என்ற எளிய கேள்விக்கு விடை எளிதாக இல்லை. நிலம் அளந்த கோல் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபட்டது. ஒரு மாவுக்கு நூறு குழி (கோலால் அளக்கும் சிறு சதுர அளவு) என்று கொள்ளும் வழக்கமும் உண்டு, 256 குழி என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே பின்னத்தின் கடைசித் துளி வரை எழுதப்பட்ட எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏக்கரில் சொல்லத் தயங்கி நிற்கிறேன்.

எழுத்திலும் இதே நிலைதான். புள்ளி பெரும்பாலும் இடமாட்டார்கள். குறிலும் நெடிலும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ‘எரி’ என்று கண்ணுக்குத் தெரிவது ஏரியாகவும் இருக்கலாம். முன்னும் பின்னும் மதகோ கரையோ வருகிறதா என்று பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வேகமாகப் படித்துவிடுகிறார்கள். எங்களுக்குச் சொல்லித்தரும் பெரியவரோ மைப்படியில் (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த படியில்) ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைக் கல்வி என்றுதான் சொல்வேன்.

அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். சோழ அரசை வலுவான மைய நிர்வாகமாக வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் வரைந்து காட்டினார். பர்ட்டன் ஸ்டெய்ன் அதை மறுத்து, தளர்வாகப் பிணைக்கப்பட்ட நாடுகளின் (ஊர்கள் பல சேர்ந்த வட்டாரங்களின்) தொகுப்பு என்றார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் ஊர், நாடு, ஆட்பெயர், வரிப்பெயர் ஆகியவற்றைப் பொறுமையாகத் தொகுத்து எண்ணியபோது, இரண்டு சித்திரங்களிலுமே திருத்த வேண்டியவை தெரியவந்தன. இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதலில் ஒருவர் வரைந்து வைத்ததால்தானே அடுத்தவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது? மேடையில் சோழர் பெருமையை ஐயமே இல்லாமல் முழங்குவோரைக் கேட்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. அந்தக் கல்லின் அருகில் ஒரு காலைப் பொழுது நின்றிருந்தால், இதைவிட எவ்வளவோ சுவையான கேள்விகளை அவர்கள் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கலாம்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். உன் தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தவர் அல்லவா? அவருடைய பழைய கணக்குச் சுவடியோ நிலப் பத்திரமோ வீட்டுப் பரணில் இருந்தால், மா, காணி, முந்திரி என்று எழுதிய பக்கங்களை மட்டும் பையனிடம் சொல்லிப் படமெடுத்து அனுப்பு. அதே நிலத்தின் பிற்காலச் சர்வே அளவும் கிடைத்தால், உங்கள் ஊரில் எந்தக் கோல் வழங்கியது என்று கணக்கிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சாவித்திரி