பால் பவுடரும் புட்டியும் கொண்டு வராதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் இங்குள்ள ஐராவதி டெல்டாவைச் சுருட்டிப் போட்ட பிறகு எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து சில பேர் அந்தப் பக்கத்துக் கரேன் இனத்தாரின் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தோம், இன்றும் முடிகிறபோது போய் வருகிறோம். சபை வாலிபர்கள் வெளிநாட்டு ஊழியப் பயணத்தில் ஊட்டச்சத்து இல்லாத பிள்ளைகளைக் கவனிக்கப் போவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததைப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர்கள் சேகரிக்கும் பொருட்களில் முதலில் பால் பவுடரும் பால்புட்டியும் இருந்ததைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

முதல் தடவை போனபோது எனக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு பையன், இரண்டு வயசு இருக்கும், கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்தான், இவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளைகள் பக்கம் போய்விட்டேன். ஊர் சயாமா, அதாவது மருத்துவச்சி அம்மா, என்னைத் திரும்பக் கூப்பிட்டு அவன் புறங்காலில் கட்டைவிரலை மூன்று விநாடி அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. இரண்டு காலிலும். உடம்பு முழுக்க நீர் கோத்திருக்கிறது, சதை என்று நான் நினைத்தது அதைத்தான். முடி செம்பட்டையாகி, லேசாக இழுத்தால் கையோடு வந்தது. மேல்கையைச் சுற்றி அளக்கிற கைப்பட்டையில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே அளவு வருகிற பிள்ளை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறதோ அதே ஆபத்தில்தான் இவனும் இருக்கிறான் என்றார்.

பதறிப்போய் நான் சோறும் முட்டையும் பிசைந்து ஊட்டப் போனேன். கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். நாள்கணக்கில் காய்ந்துபோன உடம்பு திடீரென்று வயிறு நிறையச் சாப்பாடு வந்தால் தாங்காதாம், ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி இதயமே நின்றுவிடக்கூடும். படகில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே முதல் சில நாள் 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள ஒரு பாலை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் விடாமல் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ஊழியம் அதுதான். அவன் அம்மா தூங்கட்டும் என்று நாங்கள் மாற்றி மாற்றி விழித்திருந்தோம், பிள்ளை உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்தி வைத்தோம், கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். நாலாம் நாள் அவன் கப்பைத் தானே இழுத்தான். அன்றைக்கு நான் அழுததை இன்னும் மறக்கவில்லை.

சரி, பால் பவுடருக்கு வருகிறேன். டெல்டாவில் மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்துக் குடிக்கிறார்கள், கோடையில் அது தீர்ந்தால் குளத்துத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் கரைத்து, சரியாகக் கழுவ முடியாத புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். புட்டி பழகிய பிள்ளை மார்பைச் சப்பாது, தாய்க்குப் பால் வற்றிவிடும், டின் தீர்ந்ததும் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, சாப்பிடப் பசி உள்ள பிள்ளைக்கு நிலக்கடலைப் பசைப் பொட்டலம் இருக்கிறது. 92 கிராம், 500 கலோரி, தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். அதைக்கூட எத்தனை, யாருக்கு என்று சயாமாவைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. இங்கே பிரசவமான பெண்ணுக்குப் பத்தியம் மிகக் கடுமை, பல வீடுகளில் தீட்டிய பச்சரிசிச் சோறும் உப்பும் தவிர வேறொன்றும் தருவதில்லை, பருப்பு, காய், இறைச்சி எல்லாம் ஆகாது. தாயின் உடம்பில் பி1 வைட்டமின் இல்லாமல் போனால் தாய்ப்பாலிலும் இருக்காது. இரண்டு மூன்று மாதக் குழந்தை நன்றாக இருந்தது போலவே இருந்து திடீரென்று சோர்ந்துவிடும், வாயைத் திறந்து அழும், சத்தம் வராது. பெரிபெரி. சரியான நேரத்தில் பி1 ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தேறிவிடும், போடாவிட்டால் போய்விடும்.

நமக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. வெள்ளைக்காரன் காலத்தில் மெக்காரிசன் என்ற டாக்டர் குன்னூரில் இதை ஆராய்ந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், பெரிபெரி இருந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் பக்கத்தில் அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. என் ஆயா வடித்த கஞ்சியை ஒரு சொட்டு கீழே ஊற்ற விடமாட்டார், ஏன் என்று அப்போது புரியவில்லை.

அதனால் வருகிறவர்கள் தாய்க்குக் கொண்டு வாருங்கள். பருப்பு, நிலக்கடலை, பி1 மாத்திரை, அளவு சயாமா சொல்வார். பத்தியத்தைக் குறை சொல்லாதீர்கள், மாமியாரோடு உட்கார்ந்து பேசினால் பருப்புத் தண்ணீருக்காவது சம்மதிக்கிறார்கள், நாங்கள் பார்த்திருக்கிறோம். வீங்கிய பிள்ளையை மடியில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிற வீட்டில் ஜெபியுங்கள், பக்கத்துப் புத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே பொட்டலம் அதே எண்ணிக்கையில் போகட்டும்.

இப்போது வெளியூர்க்காரர்கள் கிராமங்களுக்குள் போவது எளிதாக இல்லை. வர முடியாத சபைகள் அந்த விமானச் செலவை இங்குள்ள சயாமாக்களின் படகுக் கூலிக்கு அனுப்பினாலும் போதும், மழைக்காலத்தில் ஒரு பிள்ளையை டவுனுக்குக் கொண்டு வருவதா வேண்டாமா என்று தாய் யோசிப்பது அந்தக் கூலிக்காகத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரங்கூன்.